துரை வீட்டு மீன் பொரியல்

பத்தாவியா, சாவகத் தீவு.

சௌபாக்கியவதி தனக்கோடிக்கு வேதாசலம் எழுதுவது. நான் சுகம். நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போன ஞாயிறு நான் சமைக்கும் ஒல்லாந்துக்காரத் துரை வீட்டில் விருந்து. கோதுமை மாவில் தோய்த்த மீன் சொதசொதவென்றே வந்தது. நீ செய்வதுபோல அரிசி மாவில் கொஞ்சம் கள் ஊற்றிக் கரைத்துப் பொரித்தேன், மொறுமொறுவென்று வந்தது. உருளைக்கிழங்கையும் விரல்போல் நறுக்கிப் பொரித்து வைத்தேன். எல்லாம் காலி.

மறுநாள், துரை பேச்சைத் தமிழில் சொல்லும் துபாசி தருமலிங்கம் வந்து, "இன்னாபா செஞ்சே? இந்த வருசக் கப்பல்ல உன்னை ஊருக்கு அனுப்பமாட்டேன்னு துரை சொல்ட்டாரு. இன்னும் மூணு வருசமாம்," என்றார். சரி என்றேன். வருத்தம் ஒன்றும் வரவில்லை. போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அதனால் கப்பல் வந்தால் கரைக்கு வந்து நிற்காதே. தோணியைத் தம்பியே வைத்துக்கொள்ளட்டும். குழந்தையை நிற்கவைத்து, வலைநூலில் உயரம் அளந்து அனுப்பு. முன்னே போகும் கப்பலுக்குக் கடிதங்களைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

வேதாசலம்