விரலின் இரண்டாம் கணு வரை

இன்று காலை அத்தியின் பழுத்த இலை ஒன்றைக் கிள்ளினேன். காம்பில் பால் கசிந்து விரலில் ஒட்டியது. பச்சைத் தேங்காயை உடைத்த மாதிரி அந்த வாசனை, கடைக்கு இறங்கும் முன் உங்கள் கையில் இருக்கும் வாசனை. சாயங்காலம் அதே கையில் ஏலக்காய் மணக்கும். உங்கள் ஒரு நாளை நான் அப்படித்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன்.

நீங்கள் இறந்தபின் வெளியாட்கள் கண்ணில் படாமல் நான் இருந்த இத்தா முடிந்து பதினோரு நாள் ஆகிறது. நாலு மாதம் பத்து நாள் இந்த மாடி அறையில் இருந்தேன். இப்போது கதவு திறந்திருக்கிறது, தடுக்க யாருமில்லை. ஆனாலும் நான் படி இறங்கவில்லை. கீழே கடையில் உங்கள் நாற்காலியில் மகன் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியும். தெரிந்ததைக் கண்ணால் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. அடைத்து வைத்தபோது வெளியே போகத் துடித்தவள், திறந்துவிட்ட பிறகு உள்ளேயே கிடக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வது?

கம்பம்மெட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போனவர், ஈரச்சாக்கில் சுற்றிய அத்திக் குச்சியோடு திரும்பி வந்தீர்கள். மலைக்குக் கீழே யாரோ தோட்டக்காரர் கொடுத்தாராம். கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டில் மரம் எங்கே வைப்பது என்று கேட்டேன். பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, என் கட்டிலுக்கும் கிழக்கு ஜன்னலுக்கும் நடுவில் வைத்தீர்கள். மொட்டை மாடியில் வைத்தால் மார்கழிக் காற்று இலையைக் கிழித்துவிடும், வைகாசியில் பிடிக்கும் இடவப்பாதி மழை வேரை அழுகவைத்துவிடும், மிஞ்சியதைக் கொண்டைக்குருவி கொத்தும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். வாளி போய்ப் பெரிய தொட்டி வந்தது. ஜன்னலை மறைக்கும் அளவுக்கு மரம் வளர்ந்தது. துணி மடிக்க நான் பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டியிருந்தது.

தினமும் எழுந்ததும் அதன் மண்ணில் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பார்ப்பீர்கள். விரல் காய்ந்து வந்தால் மட்டும் கீழே கடைக்குப் பின்னாலுள்ள குழாயிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவீர்கள். மேலே வரும் போர்வெல் தண்ணீர் உப்பு, ஆகாது என்பீர்கள். “அதுக்கு வேணும்னா அது கேக்கும். கேக்காம ஊத்துனா அழுகிப்போகும்” என்பது உங்கள் சட்டம். ஒருநாள் எனக்குக் கோபம் வந்தது. மரத்திடம் தினமும் தாகமா என்று விசாரிக்கிறீர்களே, என்னிடம் ஒருநாளாவது கேட்டதுண்டா என்று கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டி இறங்கிப் போனீர்கள். அந்தச் சிரிப்பை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

நீங்கள் போன மறுநாள் எலப்புள்ளியிலிருந்து உங்கள் அக்கா பெட்டியோடு வந்துவிட்டார். இத்தா முடியும் வரை எனக்குத் துணை என்றார். எனக்கு அது காவலாகத்தான் பட்டது. எதிர்க் கட்டடத்துக்குச் சாரம் கட்டிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் நேராக நம் அறையைப் பார்க்கும் உயரத்தில் நின்றார்கள். அக்கா முதல் வேலையாக ஜன்னலில் கனத்த ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார். பகலிலும் விளக்குப் போட வேண்டியதாயிற்று.

குளியலறை கூடத்தைத் தாண்டி இருந்தது. கூடத்தில் எந்நேரமும் துக்கம் கேட்க வந்த ஆண்கள் இருந்தார்கள். அதனால் அறைக்குள்ளேயே வாளித் தண்ணீரில், ஒரு தாம்பாளத்தின் மேல் ஒளு செய்தேன். தொழுகைக்குக் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை. உங்கள் மரத்துக்கே ஊற்றினேன். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ஊற்றும்போதெல்லாம் உங்களுக்கு ஏதோ செய்கிறேன் என்று இருந்தது. அந்த அறையில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

இரண்டாம் மாதம் இலைகள் மஞ்சளாகி விழத் தொடங்கின. பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி, வளர்த்தவர் போய்விட்டார், அதுவும் பின்னாலேயே போகிறது என்றாள். அதைக் கேட்டு அன்று முழுக்க அழுதேன். மரமும் போய்விட்டால் நீங்கள் இரண்டாவது முறை போனதாகிவிடும் என்று பயந்தேன். பயத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றினேன். ஒருநாள் தொட்டியிலிருந்து சேற்று நாற்றம் வந்தது. அப்போதுதான், நீங்கள் செய்வதுபோல விரலை விட்டுப் பார்த்தேன். கூழாக இருந்தது. இருட்டில் வைத்து, உப்புத் தண்ணீரை ஊற்றி, உங்கள் மரத்தை நானே மூழ்கடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவிடம் ஜமுக்காளத்தை எடுக்கச் சொன்னேன். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தாமல் முடியாது என்றார். வெளிச்சம் வேண்டாம் என்று மார்க்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவருக்கு முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை.

“மார்க்கம் இல்லடீ. நாளைக்கு நாலு பேரு, தம்பி பொண்டாட்டிய அக்காக்காரி சரியாப் பாத்துக்கலைன்னு சொல்லுவாங்க” என்றார்.

“சொல்லட்டுங்க அக்கா. இந்த மரம் செத்துப்போச்சுன்னா நான் என்னத்தப் பாத்துட்டு இந்த ரூம்ல இருக்கறதுங்க?”

அவர் தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து உங்கள் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்தார். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன வேட்டி. ஜமுக்காளத்தை இறக்கிவிட்டு அதைக் கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே வெளிச்சம் கொட்டியது. இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த வெயில், கண் கூசியது.

மறுநாள் நாங்கள் இருவரும் தொட்டியைச் சாய்த்து மரத்தை உருவினோம். வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வெளியே போக வழி தேடிச் சுவரை ஒட்டியே ஓடியிருக்கின்றன. கறுத்து அழுகியதையெல்லாம் அரிவாள்மனையில் அக்கா அறுத்தார். மகன் மணலும் தென்னை நார்த்தூளும் வாங்கி மேலே வைத்துவிட்டுப் போனான். புது மண்ணில் நட்டு ஒரு செம்பு ஊற்றியதோடு நிறுத்தினோம். அதன் பிறகு ஊற்றாமல் இருந்த நாட்கள்தான் எனக்குக் கஷ்டமான நாட்கள். ஐந்து வேளையும் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. இத்தா முடிய ஒரு வாரம் இருக்கும்போது நுனியில் ஒரு பச்சை முளை கண்ணைத் திறந்தது. அக்காதான் முதலில் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று அவர் ஊருக்குப் புறப்பட்டார். பெட்டியைப் பூட்டிவிட்டு என் கட்டில் தலைமாட்டில் இருந்த கூஜாவைக் காட்டினார்.

“இனி இத நீதான் ரொப்பிக்கோணும். இத்தன நாளும் நான் ரொப்பி வெச்சேன். ஆஸ்பத்திரியில கடசியா அவன் என்னட்ட சொன்னது இதுதான். ‘அவ கேக்க மாட்டா அக்கா, கூஜால தண்ணி இருக்கான்னு மட்டும் பாத்துக்கோ’ன்னான்.”

வேலைக்கு வரும் பெண் நிரப்புகிறாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஒருநாள்கூட அந்தக் கூஜா காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. மரத்துக்குச் செம்பில் கொண்டுவந்த அதே குழாய்த் தண்ணீர்தான் எனக்கும் வந்திருக்கிறது. என்னிடம் கேட்டதுண்டா என்று உங்களைக் கேட்டேனே. ஏன் சொல்லவில்லை நீங்கள்? சிரித்துவிட்டுப் போவதற்குப் பதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? இந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதை நான் விடப்போவதில்லை.

இன்று மண்ணில் விரல் விட்டுப் பார்த்தேன். ஈரம் இருக்கிறது, மரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு கூஜாவைத் தூக்கி ஆட்டினேன். காலி. மகனைக் கூப்பிட்டால் உடனே கொண்டுவந்து தருவான். நான் கூப்பிடவில்லை.

நல்ல தண்ணீர் கீழேதான் இருக்கிறது. கடை வழியாக, உங்கள் நாற்காலியைத் தாண்டித்தான் அந்தக் குழாய்க்குப் போக வேண்டும். இந்தக் கடிதத்தை மடித்து உங்கள் வேட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, கூஜாவை எடுத்துக்கொண்டு இறங்கப் போகிறேன். பதினாறு படி. தினமும் எனக்காகத் தண்ணீரோடு நீங்கள் ஏறி வந்த படிகள்.