உன் இலையில் வைத்த கறிக்குழம்பு

அக்கா,

இன்று விடிந்ததும் விடியாததுமாக உன் அடுப்படியிலிருந்து கறிக்குழம்பு வாசம் மாடிப்படி ஏறி வந்துவிட்டது. பட்டையும் கல்பாசியும் எண்ணெயில் பொரிகிற அந்த முதல் வாசம். வேறு நாளாக இருந்தால் வாயில் எச்சில் ஊறியிருக்கும். இன்று வயிறு பற்றி எரிந்தது. உனக்கு முதல் வருசம் கும்பிடுகிறார்கள். உனக்குப் பிடித்ததை எல்லாம் ஆக்கி, உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைப்பதாக ஏற்பாடு. உனக்குப் பிடித்தது என்று அவர்கள் முடிவு செய்தது கறிக்குழம்பு.

நீ வாயிலேயே வைக்காத கறிக்குழம்பு.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். அப்படிப் பேசக் கீழே உன் வீடு கொள்ளாமல் ஆள் இருக்கிறது, அவர்கள் பேசட்டும். எனக்கு உன் வீட்டுக்காரர் மேல் கோபம், உன் நாத்தனார் மேல் கோபம். அவர்கள் எல்லாரையும் விட உன் மேல்தான் கோபம்.

இந்த மாடிக்கு நாங்கள் குடிவந்த அன்று உன் வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை உனக்கு ஞாபகம் இருக்கும். படிக்கட்டில் நின்றுகொண்டு, "கறி ஆக்குங்க, கோழி ஆக்குங்க, மீனு வேணாலும் ஆக்கிக்கங்க. கருவாடு மட்டும் ஆகாது. எங்க அம்மா காலத்துல இருந்தே இந்த வீட்டுக்குள்ள அந்த நாத்தம் வந்ததில்ல" என்றார். ஊருக்கே வெங்காயம் ஏலம் விடுகிற மனுசன், மண்டியில் அழுகின வெங்காய மூட்டைக்கு நடுவில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர், நாற்றத்தைப் பற்றிப் பேசினார். நீ அவருக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினாய். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் லோடு போனால் வரும்போது நெத்திலிக் கருவாடு இல்லாமல் வரமாட்டார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வீடு காற்றோட்டமாக இருந்ததால் சரி என்று சொல்லிவிட்டோம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ படியடியில் நின்று கூப்பிட்டாய். "ஏத்தா, செத்த நேரம் கீழ வந்து உப்புப் பாத்துட்டுப் போ." உள்ளங்கையை நீட்டினேன், கரண்டி நுனியால் ரெண்டு சொட்டு விட்டாய். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாய், அதற்கடுத்த ஞாயிறும். உனக்கு நாக்கில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டேன்.

"எனக்குக் கறி ஆகாது" என்றாய்.

விரதமா, வேண்டுதலா, சின்னப்பிள்ளையில் வளர்த்த ஆட்டை அறுத்துவிட்டார்களா என்று நானே கதை கட்டிக்கொண்டு கேட்டேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "ஒரு மண்ணும் இல்ல. பிடிக்கல, அம்புட்டுத்தான். பிடிக்காததுக்குப் போயி காரணம் தேடணுமாக்கும்?"

நாக்கில் வைக்காமலே நீ ஆக்கினாய். சின்ன வெங்காயம் வதங்குகிற சத்தத்தைக் கேட்டே அடுத்ததைப் போடுவாய். மல்லியும் மிளகாயும் வறுபடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசத்தை மட்டும் வாங்குவாய். குழம்பில் எண்ணெய் பிரிந்து ஓரத்துக்கு வந்ததும் அடுப்பை அணைப்பாய். உறைப்பு, புளிப்பு எல்லாம் உன் கணக்கு, உப்பு மட்டும் என் உள்ளங்கை. உன் நாத்தனார் ஆள் அம்போடு வந்து உட்கார்ந்து, "அண்ணி கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்று சொல்லிச் சொல்லித் தின்பாள். எல்லாரும் எழுந்து போன பிறகு நீ அடுப்படியில் உட்கார்ந்து ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிடுவாய். தொட்டுக்கொள்ள என்ன வெஞ்சனம் இருக்கிறது என்றுகூட ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை.

கருவாட்டுக் கதைக்கு வருகிறேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் கொண்டுவந்த பொட்டலத்தை நான் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஏதோ கேட்க மேலே வந்த நீ வாசலிலேயே நின்றுவிட்டாய். மூக்கு ரெண்டு தரம் விடைத்தது. செத்தோம், வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீ நேராக அரிசி டப்பாவை நகர்த்திப் பொட்டலத்தை எடுத்தாய். "நெத்திலி. காஞ்சது நல்லாக் காஞ்சிருக்கு. மொச்சப்பயறு இருக்கா?" என்றாய். அதுவரை உன்னை நான் நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். மறுநாள் குழம்பு வைத்து, ஒரே சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்ற கையோடு மரியாதையும் போய்விட்டது.

நத்தத்துக்கு அந்தப் பக்கம் உன் ஊர். வீட்டைச் சுற்றி மாமரம், தோப்பைத் தாண்டினால் புளியமரம். அந்த ஊர்ப் பக்குவத்தை நீ எனக்குச் சொன்னாய். மொச்சையை முதல் நாளே ஊறப்போட வேண்டும். நெத்திலியைத் தலை கிள்ளி, சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, பிறகு அரிசி களைந்த தண்ணீரில் அலச வேண்டும். வெங்காயத்தை நறுக்கினால் உனக்குக் கோபம் வரும், முழுசாகத்தான் போட வேண்டும். கத்திரிக்காய் பாதி வெந்ததும் மாங்காய். மாங்காய் சேர்ந்தால் புளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கருவாடு கடைசியில். அது விழுந்த பிறகு கரண்டி சட்டிக்குள் போகவே கூடாது, துணியால் விளிம்பைப் பிடித்துச் சட்டியைச் சுழற்றித்தான் கலக்க வேண்டும். நான் மறந்துபோய்க் கரண்டியைப் போட்டபோது, "ஏத்தா, அது மீனா கஞ்சியா?" என்று கையில் ஒரு போடு போட்டாய்.

வாசம் கீழே போகாமல் இருக்குமா? மண்டியிலிருந்து மத்தியானச் சோற்றுக்கு வருகிற உன் வீட்டுக்காரர் வாசலில் செருப்பை விடும்போதே, "மாடியில என்ன நாத்தம்?" என்று கத்துவார். நீ உடனே கொண்டையை முடிந்துகொண்டு, "இருங்க, நான் போயி நாலு வார்த்த கேட்டுட்டு வாரேன்" என்று படியேறுவாய். என் வாசலில் நின்று, கீழே கேட்கிற மாதிரி, "என்னம்மா இது, எத்தன தடவ சொல்றது? குடும்பம் நடத்துறமா இல்ல கருவாட்டுக்கட நடத்துறமா?" என்று ஒரு சத்தம். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டை இழுத்துக்கொள்வாய். நடுநடுவே வாயில் சோற்றோடு, "இனிமே இப்படி நடந்துச்சு!" என்று ஒரு அதட்டல். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். தெரு முழுக்க எனக்குக் கருவாட்டுக்காரி என்று பேர் வந்ததுதான் மிச்சம்.

அப்போது அது விளையாட்டாகத்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. உன் வீட்டில், உன் அடுப்பில், உனக்குப் பிடித்த ஒரு குழம்பை வைத்துத் தின்ன உனக்கு வாய் இல்லையா? உன்னிடம் ஒருநாள் கேட்டேன். நீ விரலை நக்கிக்கொண்டே சொன்னாய்: "கல்யாணமான புதுசுல ஒருநா கேட்டேன். அதான் அம்புட்டுக் கறி கெடக்கே, அப்புறம் என்னன்னாரு. ரெண்டாந்தடவ கேக்க எனக்கு மானம் விடல." என்ன மானம் அக்கா அது? திருட்டுத்தனமாக வாடகைக்காரி வீட்டில் தின்பதற்கு விட்ட மானம், வீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை கேட்பதற்கு ஏன் விடவில்லை?

ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது உடம்புக்குத் தெம்பு என்று ஆட்டுக்கால் சூப்பு பிளாஸ்க்கில் வந்தது. "குடிம்மா, குடி" என்று ஆளாளுக்கு உன்னைச் சுற்றி நின்றார்கள். நீ என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாய். ஒரு முடக்குக்கூட மிச்சம் வைக்காமல் குடித்தாய். அந்தப் பார்வையில் "சொல்லிவிடாதே" என்று இருந்தது. உனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்றைக்கு மூட முடியவில்லை.

நேற்று இரவே நான் மொச்சையை ஊறப்போட்டுவிட்டேன். இன்று காலையில் உன் மகள் கிண்ணத்தில் குழம்போடு மேலே வந்தாள். திருப்பூரிலிருந்து நேற்றுத்தான் வந்தாள். போன வாரமே போனில் என்னிடம் உன் கறிக்குழம்புப் பக்குவத்தை வரி வரியாகக் கேட்டுக்கொண்டவள். "சித்தி, உப்புப் பாருங்க. அம்மா கைப்பக்குவம் வந்துருக்கான்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். உள்ளங்கையை நீட்டினேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

"உங்கம்மா இதச் சாப்புடாதுடி" என்றேன்.

"ஆமா சித்தி. இனி எங்குட்டுச் சாப்பிட" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் உன் மகள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். கூடத்தில் உன் படத்துக்குச் சம்பங்கி மாலை போட்டு, குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "அண்ணே, அக்கா கறி சாப்பிடாது. ஒருநாளும் சாப்பிட்டதில்ல. அதுக்குப் பிடிச்சது கருவாட்டுக் கொழம்பு. நான் வச்சுக் கொண்டாரேன், அதையும் எலையில வைங்க."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்து, பொறுமையாகச் சொன்னார். "ஒனக்குத் தெரியாததா தாயி? கருவாட்டு நாத்தம் வந்தா மொத ஆளா மேல வந்து சண்ட போட்டது யாரு? அவதான? அவளுக்கு அதக் கண்டாலே ஆகாதே."

பார்த்தாயா? நீ போட்ட வேசம் உன் இலை வரைக்கும் வந்து நிற்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டால் உன் மானம் நிற்கும், உன் இலையில் கறி மட்டும் இருக்கும். சொன்னால் சொந்தபந்தம் முன்னால் உன் குட்டு உடையும். நான் யோசிக்கவே இல்லை.

"அது சண்ட போட வரல அண்ணே. சாப்பிட வந்துச்சு."

உன் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "செத்தவ எந்திரிச்சு வந்து இல்லன்னா சொல்லப் போறா? சாமி கும்பிடுற வீட்டுல கருவாடாமுல்ல கருவாடு." உன் மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் இலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்த இலையையே திரும்பவும் துடைத்தார். நான் மேலே ஏறி வந்துவிட்டேன்.

வந்து சன்னலைத் திறந்தேன். கதவைத் திறந்தேன். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக எல்லாவற்றையும் திறந்து போட்டுக்கொண்டு கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அத்தனை கோபத்திலும் கரண்டியைப் போடவில்லை, சட்டியைச் சுழற்றித்தான் கலந்தேன். வாசம் படியிறங்கிக் கீழே போவது எனக்கே தெரிந்தது.

"மாடியில என்ன நாத்தம்?"

அண்ணன் குரல்தான். பழக்கத்தில் வந்துவிட்ட சத்தம். "இருங்க, நான் போயி கேட்டுட்டு வாரேன்" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடி. வீடு அவருடையது, ஆனாலும் நாங்கள் குடிவந்த பிறகு அவர் மேலே வந்ததே இல்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சட்டியைப் பார்த்தார். நீ வழக்கமாக உட்கார்கிற இடம் எது என்று தேடினாரோ என்னவோ, தரையைப் பார்த்தார். பிறகு துண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

"அவ எம்புட்டுச் சாப்புடுவா?"

இத்தனை வருசம் உன்னோடு குடும்பம் நடத்தின மனுசன் என்னிடம் கேட்கிறார். வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டுவிடலாம் என்றிருந்தது. கேட்கவில்லை. "ரெண்டு கரண்டி. மாங்காத் துண்டு மட்டும் கூட வேணும் அதுக்கு" என்று சொல்லிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் மூக்கைப் பொத்தின துண்டு, படியைத் தடவித் தடவி இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே இறங்கினேன். அவர் அழுதார் என்று எழுதினால் நீ மனம் இளகிவிடுவாய். அழவில்லை. நாத்தனார் ஏதோ சொல்ல வந்தபோது, "நீ சும்மா இரு" என்றார், அவ்வளவுதான். உன் இலையில் கறிக்குழம்பை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சோற்றுக்குப் பக்கத்தில் கருவாட்டை வைத்தார்.

சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு, நீ வந்து சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே நின்றோம். அங்கே நிற்கும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. கீழ்வீட்டில் நீ எப்போதும் தனியாகத்தான் சாப்பிட்டாய். இன்றைக்கும் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "சித்தி, மேல இன்னும் கொழம்பு இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது, வந்து சாப்பிடு என்றேன். பக்குவமும் சொன்னேன். கரண்டி போடக்கூடாது என்பதை ரெண்டு தடவை சொன்னேன்.

உன் வீட்டுக்காரரை நான் மன்னிக்கவில்லை. உன்னையும்தான். உப்புப் பார்க்க நீட்டின இந்த உள்ளங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த லோடுக்கு என் வீட்டுக்காரர் தூத்துக்குடி போகிறார், நெத்திலி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துத்தான் குழம்பு வைப்பேன். அண்ணன் கீழேயிருந்து கத்தட்டும். சண்டை போட யாரை மேலே அனுப்புகிறார் என்று பார்க்கிறேன்.