நீ மூடி வைத்த அருவித் தண்ணீர்

அலமாரியின் பின்வரிசையில் உன் சீசா கிடைத்தது. கட்டைவிரல் பருமன், திருகு மூடி, மூடியைச் சுற்றி மெழுகு நாடா. உள்ளே தெளிந்த தண்ணீர். வெளியே ஒட்டிய காகிதத் துண்டில் உன் கோழிக்கிறுக்கலில், 'ஐந்தருவிப் பாறை' என்று மட்டும். ஆய்வகத்துக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று எல்லாவற்றையும் காலி செய்துகொண்டிருந்தோம். உதவியாளர் முருகையா அண்ணாச்சி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெறும் தண்ணியால்லா கெடக்கு மேடம், ஊத்திரட்டுமா?" என்றார். கை கழுவும் தொட்டிக்கு மேலே அவர் கை போயேவிட்டது. நான் போட்ட சத்தத்தில் மனுஷன் மிரண்டுபோனார்.

பழைய சாமானைக் கட்டிப்பிடித்து அழுகிற ஆள் நான் இல்லை, உனக்கே தெரியும். நீ போன பிறகு உன் வெள்ளைக் கோட்டு, காப்பிக் குவளை எல்லாவற்றையும் உன் தங்கையிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். ஆனால் இது சாமான் இல்லையே. நீ அருவிப் பாறையிலிருந்து சுரண்டி எடுத்து வளர்த்த சூடோமோனாஸ். நீ வளர்த்த மற்ற பாக்டீரியாக்கள் எல்லாம் குளிர்பெட்டி பழுதானபோது கெட்டுப்போயின. இதுவும் செத்திருந்தால், இத்தனை வருட உன் வேலையில் உயிரோடு எதுவும் மிச்சமில்லை.

தென்காசிக் கல்லூரியில் நாம் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தக் கிறுக்கை ஆரம்பித்தாய். கிருமி நீக்கிய அருவித் தண்ணீரில் பாக்டீரியாவைப் போட்டு, தின்ன ஒன்றும் கொடுக்காமல் மாதக்கணக்கில் வைத்திருந்தாய். அவ்வப்போது ஒரு சொட்டு எடுத்து, சத்துக் கலந்த அகர் கூழ்த் தட்டில் பூசிப் பார்ப்போம். வளர்வது குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் தட்டு வெறுமையாக இருந்தது. "செத்துட்டு, குடுவையக் கழுவி வை" என்றேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"சாகலட்டி. கடைய அடைச்சிருக்கு" என்றாய். "எங்க அப்பா குத்தாலத்துல சிப்ஸ் கடை போட்டிருக்காருல்லா? சீசன் முடிஞ்சா மொத வேல என்ன? அடுப்ப அணைச்சு, மாஸ்டர ஊருக்கு அனுப்பணும். பெறவு ஷட்டர எறக்கி, மேல தார்ப்பாய் இழுத்துக் கட்டணும். கடை பூட்டிக் கெடக்குன்னா உள்ள ஆளில்லன்னு அர்த்தமா? எங்க அப்பா உள்ளதாம்ட்டி படுத்துக் கெடப்பாரு."

இன்றுவரை இதைவிட நன்றாக யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. உணவு தீர்ந்ததும் செல்லுக்குள் ஒரு சின்ன மூலக்கூறு திமுதிமுவென்று பெருகுகிறது. அபாய அறிவிப்பு அது. உடனே, புரதம் செய்யும் ரைபோசோம்களுக்கான மரபணுக்கள் அடக்கப்படுகின்றன. வளர்ச்சி நிற்கிறது. மரபணுக்களைப் படிக்கிற நொதியோடு வேறொரு துணைப்புரதம் வந்து ஒட்டிக்கொண்டு, அதுவரை படிக்காமல் கிடந்த பாதுகாப்பு மரபணுக்களைப் படிக்க வைக்கிறது. டிஎன்ஏவை மூடிக் காக்கும் புரதம் உருவாகிறது, செல் சுருங்குகிறது. மரபணு ஒன்றுகூட மாறுவதில்லை. எதைப் படிப்பது, எதை விடுவது என்பதுதான் மாறுகிறது.

வகுப்பிலும் நீ இந்தச் சிப்ஸ் கடையைத்தான் நடத்தினாய். ஒருத்தன் பரீட்சைத் தாளில் 'முதலில் மாஸ்டர் ஊருக்கு அனுப்பப்படுகிறார்' என்று எழுதி வைத்தான். நீ முழு மதிப்பெண் போட்டாய். அதற்கு நான் உன்னிடம் போட்ட சண்டை துறைக்கே கேட்டது.

சரி, சீசாவுக்கு வருகிறேன். அன்றைக்கே பாதித் தண்ணீரை எடுத்து, சத்தான அகர் தட்டுகளில் தாராளமாகப் பூசி, இன்குபேட்டர் சூட்டில் வைத்தேன். இத்தனை நாள் பட்டினி கிடந்தது, நன்றாகச் சாப்பிடட்டும் என்றுதான். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் இல்லை, அந்த வாரம் முழுக்க இல்லை. உன்னை இரண்டாம் முறை தூக்கிக் கொடுத்தது மாதிரி இருந்தது.

அப்போதுதான் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மத்தியானம் நடந்தது நினைவுக்கு வந்தது. நீ சாப்பிட்டு நாளாகிவிட்டது என்று நான் அடுக்குச் சட்டி நிறைய சோறு, சொதி, உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தேன். நீ இரண்டு வாய் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாய். எனக்கு முகம் வாடிவிட்டது. "ஏட்டி, அடைச்ச கடையில எடுத்ததும் முழு அடுப்ப மூட்டுதியே" என்று சிரித்தாய். "எங்க அப்பா மொதச் சாரலுக்கே எண்ணெய ஊத்த மாட்டாரு. பாதி ஷட்டரத் தூக்கி, டீ மட்டும் போடுவாரு. நாளைக்குக் கஞ்சித் தண்ணி கொண்டா."

மறுநாள் கொண்டுவந்தேன். குடித்தாய். அதுவே உன் கடைசி நல்ல நாள்.

அடி மண்டு, என்று என்னையே திட்டிக்கொண்டேன். பட்டினியில் ஒடுங்கிய செல்லுக்கு விருந்தே விஷமாகலாம் என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான். அகரில் சத்தைப் பேருக்கு மட்டும் கலந்தேன். இன்குபேட்டர் வேண்டாம், அருவிக்காரிக்கு அந்தச் சூடு ஆகாது. சீசாவில் மிச்சமிருந்த தண்ணீரைப் பூசிச் சன்னலோரம் வைத்தேன். பக்கத்தில் ஒன்றுமே பூசாத தட்டு ஒன்று, காற்றிலிருந்து வேறெதுவும் விழுந்து என்னை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக. வெளியே சாரல் தொடங்கியிருந்தது. மேலகரம் பக்கமிருந்து வருகிற கல்லூரிப் பேருந்து நனைந்து நிற்கும். நான் இறங்கி நேரே சன்னலுக்கு ஓடுவேன். "இன்னிக்கும் ஒண்ணுமில்ல மேடம்" என்பார் அண்ணாச்சி. "இருங்க அண்ணாச்சி, பாதி ஷட்டர்தான் தூக்கியிருக்கு" என்பேன். அவருக்கு என் மேல் சந்தேகம் வந்திருக்கும்.

வந்ததடி! கடுகைவிடச் சின்னப் புள்ளிகளாக, பூசிய கோட்டின் மேலேயே வரிசையாக. பூசாத தட்டு சுத்தமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தைக் கூட்டி மாற்றி வளர்த்தேன். கடைசித் தட்டைப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தபோது, அன்றைக்கு உன் தட்டுகளில் பார்த்த அதே இளம்பச்சை ஒளிர்ந்தது. உன்னைத் தூக்கிப் போன அன்று நான் அழவில்லை, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஆய்வக முக்காலியில் உட்கார்ந்து, விக்கி விக்கி அழுதேன். நல்லா இருந்ததடி அந்த அழுகை.

இப்போது வெள்ளையடித்து முடித்துவிட்டார்கள். உன் பாக்டீரியாவை வைத்து இரண்டு மாணவிகள் ஆய்வு தொடங்கியிருக்கிறார்கள். நான் ஐந்தருவிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து, கொதிக்க வைத்துக் கிருமி நீக்கி, புதுச் சீசாவில் உன்னவளைப் போட்டு மூடிவிட்டேன். உன் கிறுக்கல் துண்டை உரித்து இதில் ஒட்டியிருக்கிறேன்.

அண்ணாச்சி நேற்று அலமாரியைத் துடைத்துக்கொண்டே அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மறுபடியும் தண்ணிதான் கெடக்கு மேடம்."

"பாத்து வைங்க அண்ணாச்சி. உள்ள ஆள் இருக்கு."