நாற்றம் இல்லை என்று எழுதினாய்

இன்று ரசாயன வகுப்பில் அந்த வாயுவைத் தயாரித்துக் காட்டினேன். அழுகிய முட்டை நாற்றம் அறையெங்கும் பரவியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன வாசனை தெரிகிறது என்று கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணும் தெரியல டீச்சர்" என்றாள் தோல் கிடங்குத் தெருவிலிருந்து வருகிற ஒருத்தி. உன் ஞாபகம் வந்தது.

நான் ஒடுகத்தூர்க்காரி. பள்ளியில் தமிழ் நடத்த ஆம்பூர் வந்த முதல் வாரம், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிகளின் இதே அழுகிய முட்டை நாற்றத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளி விடுதியில் உன் அறையில்தான் என்னையும் தங்கவைத்தார்கள். "இன்னாடி, எங்க ஊரு காத்து உனக்கு ஜாஸ்தியா போச்சா?" என்று கேலி செய்துகொண்டே மோர் கரைத்துக் கொடுத்தாய். உன் அப்பா அந்தக் குழிகளில் இறங்கித் தோல் புரட்டித்தான் உன்னைப் படிக்க வைத்தார்.

மேல் வகுப்பில் ரசாயனம் வேண்டுமென்றால் பெரிய பட்டம் பெற்ற ஆசிரியை வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வகுப்பு போய்விடக்கூடாதே என்று, நரை எட்டிப்பார்க்கிற வயதில் நீ பட்டணம் போய்ப் பையன்கள் நடுவில் உட்கார்ந்தாய். உன்னைப் பேராசிரியை என்று நினைத்து அவர்கள் எழுந்து நின்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

கடைசிச் செய்முறைத் தேர்வில் கொடுத்த உப்பில் அமிலம் விட்டு, கிளம்பிய இதே வாயுவை முகர்ந்து, நாற்றம் இல்லை என்று எழுதினாய். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் தப்பாகிப் போனது. தோற்று வந்த சாயங்காலம் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். நீ அழவில்லை.

"நாத்தம்னு தோணலடி. எங்கப்பா வேலை முடிஞ்சி வீட்டுக்குள்ள வர்ற வாசன அது. அத எப்படி நாத்தம்னு எழுதுவேன்?"

மறு வருஷம் திரும்ப எழுதுவதாக இருந்தாய். அதற்குள் விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆண்டவர் சித்தம் என்றார் உன் அப்பா. எனக்கு அந்தச் சித்தம் விளங்கவில்லை, விளங்கவும் வேண்டாம். நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வருகிறது.

உனக்காக விட்டுவைத்த வகுப்பை இத்தனை நாள் நான் ஏதோ ஒப்பேற்றினேன். இன்றோடு மூடுகிறார்கள். நாளை முதல் இந்தப் பெண்களுக்குத் தையல்.

ஒண்ணும் தெரியல என்ற அந்தப் பெண் என் பதிலுக்குக் காத்திருந்தாள். தப்பு என்றுதான் சொல்ல வேண்டும். பரீட்சையில் இப்படி எழுதினால் தோற்றுப்போவாள். ஆனால் அவள் எழுதப்போகிற பரீட்சைதான் எங்கே இருக்கிறது? மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டேன். என் மூக்குக்கு இன்னும் நாறத்தான் செய்தது.

"ஆமாம்மா, ஒண்ணுமில்ல" என்றேன்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் கதவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். உன் வீட்டில் அந்த வாசனை வந்தால் ஆள் வந்துவிட்டது என்று அர்த்தம். என்னிடம் வாசனை மட்டும்தான் இருக்கிறது.