மேட்டின் இடது பக்கம்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மேட்டின் வலது பக்கத்துக்கு இன்றும் லாரியில் செம்மண் வந்து இறங்கியது. குவாரியில் வெடித்துத் தள்ளிய கல்லும் தூளும் வருஷக்கணக்கில் சேர்ந்து மலை மாதிரி நிற்கிற மேடு இது. இதைப் பச்சையாக்கிக் காட்டத்தான் எனக்குச் சம்பளம். செம்மண்ணைப் பரப்பி, மேலே பாய் பாயாகப் புல்லை விரிக்கிறார்கள். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். முதலாளி வருவதற்குள் இடது பக்கமும் இப்படியே ஆக வேண்டுமாம்.

இடது பக்கத்துக்கு நேர் கீழேதான் கம்பெனி குவாட்டர்ஸ். முதல் வீடு என் தங்கையுடையது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இடது பக்கம் ஏறிப் பார்த்தேன். போன வருஷம் எரு வைத்து, குழி வெட்டி, குழந்தை மாதிரி பார்த்துப் பார்த்து நட்ட கன்றுகள் எல்லாம் வெறும் குச்சி. யாரும் நடாத எருக்கஞ்செடி மட்டும் ஜம்மென்று நிற்கிறது. சரிவெங்கும் தானாக முளைத்த கொழிஞ்சிச் செடி. ஒன்றைப் பிடுங்கப் பார்த்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். வழுக்கியது என் கால்தான். கம்பியால் நோண்டிப் பார்த்தால், வேர் கல் இடுக்கில் நுழைந்து கீழே போய்க்கொண்டே இருக்கிறது. அதில் குட்டிக் குட்டி முடிச்சுகள். காற்றிலிருந்தே தனக்கு உரம் பிடித்துக்கொள்கிற முடிச்சுகள். செடியடியில் இலை மக்கி, ஒரு கைப்பிடி கருப்பு மண்! போன வருஷம் அங்கே தூள்தான் இருந்தது.

தங்கை மகள் பின்னாலேயே ஏறி வந்திருக்கிறாள். பாறைமேல் படர்ந்த கல்பாசியைச் சுரண்டிக்கொண்டே, "பெரியம்மா, கல்லுக்குச் சொறி வந்திருக்கு. மருந்து போடு" என்கிறாள். குட்டிப் பிசாசு.

ஆகஸ்ட் 17, சனி

மேனேஜர் கூப்பிட்டார். "திங்கக்கிழமை நாலு பேர் வர்றாங்க. இடது பக்கம் களையெல்லாம் சுத்தமா வழிச்சிட்டு மண்ணு போட்டுடலாம்."

"சார், அந்தச் செடிங்கதான் கல்லைப் பிடிச்சிட்டு நிக்குது. மழைக்கு முன்னாடி எடுத்தா மேடு கீழ வந்துடும்."

"நீ ஆசையா வெச்ச செடியே நிக்கல. தானா முளைச்சது நிக்கும்னு எப்படிம்மா சொல்ற?"

எப்படிச் சொல்கிறேன்? எனக்கே நிச்சயமாகத் தெரியுமா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மழை முடியும்வரை என் அறைக்கு வந்துவிடு என்று தங்கையிடம் கெஞ்சினேன். "வீட்டைப் பூட்டினா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. உன் ரூம்ல நாலு பேர் எங்க படுக்கிறது, உன் தலை மேலயா?" என்று சிரிக்கிறாள். "நீ சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்க்கா. பஸ் வர்றதுக்குள்ளயே பஸ் போயிடுச்சுன்னு அழுவ."

அழுதேன்தான். ஆனால் ஒரு தடவை பஸ் நிஜமாகவே போயிருந்தது. அதை மட்டும் சொல்ல மாட்டாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

செய்துவிட்டேன். விடிந்ததும் போய் இடது பக்கம் ஏறும் வழியில் போர்டு நட்டேன். சிவப்பு பெயிண்டில்: 'விஷ மருந்து தெளிக்கப்பட்டுள்ளது. உள்ளே செல்லாதீர்கள்.' மருந்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. களையெடுக்க வந்தவர்கள் போர்டைப் படித்துவிட்டு எட்டவே நின்றார்கள். "எத்தனை நாளைக்குங்க?" என்றார் மேஸ்திரி. "மழை வந்து கழுவுற வரைக்கும்."

பொய் சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும். முந்தானையால் மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

முதலாளி வந்தார். வலது பக்கப் புல்தரை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். "அது என்ன புதர்?" என்று இடது பக்கம் கை நீட்டினார். "மருந்து அடிச்சிருக்கு சார், மழைக்கப்புறம் எடுத்துடுவோம்" என்றார் மேனேஜர். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எரித்துவிடுவார் போல.

செப்டம்பர் 3, செவ்வாய்

வானம் மூடிக்கொண்டே நிற்கிறது. பெய்யவும் மாட்டேன் என்கிறது, கலையவும் மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 5, வியாழன்

நான் நினைப்பது தப்பாக இருந்தால்? மண்ணும் புல்லும் போட்டிருந்தால்தான் நின்றிருக்குமோ? தடுத்தது நான். சாட்சிக்கு நான் எழுதின போர்டே அங்கே நிற்கிறது. மேடு சரிஞ்சா யார் மேல விழும்? அவ மேல. குட்டி மேல. ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்!



செப்டம்பர் 12, வியாழன்

மழை. காலையிலிருந்து நிற்கவேயில்லை. மதியம் ஆபீஸில் இருந்தேன் — பத்து லாரி ஒரே நேரத்தில் கல் கொட்டுகிற மாதிரி சத்தம். ஓடினேன். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒரு செருப்பு சேற்றிலேயே போயிற்று. சாமி சாமி என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

வலது பக்கம். புல்பாய் அப்படியே சுருண்டு, செம்மண்ணோடு வழுக்கிவந்து லாரி நிறுத்துமிடத்தை மூடியிருந்தது. நல்லவேளை, அங்கே யாருமில்லை. மேலே பழைய கல் அம்மணமாகத் தெரிந்தது.

இடது பக்கம் நின்றுகொண்டிருந்தது. சில கற்கள் மட்டும் உருண்டு, தங்கையின் துவைக்கிற கல் வரைக்கும் வந்திருந்தன. அவள் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா" என்றாள். "இங்க நின்னு என்னடி வேடிக்கை, பைத்தியமே!" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

துணியை மூட்டை கட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள்.

செப்டம்பர் 14, சனி

நாலு பேர், ஒரு அறை. தங்கை வீட்டுக்காரர் விடுகிற குறட்டைக்கு இடது பக்கமும் சரியாமல் இருந்ததே பெரிய விஷயம். போர்டு விஷயத்தைத் தங்கையிடம் சொன்னேன். "மருந்தே இல்லையா? அடிப்பாவி! அந்தப் பக்கம் போனாளேன்னு குட்டிய ரெண்டு தடவை தேய்ச்சுக் குளிப்பாட்டினேனே!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும்தான். பயம் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

மழை விட்டது. அவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மேனேஜர் இடது பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன மருந்தும்மா அது? ஒரு களையும் சாகலையே." நான் முந்தானையால் காதை மூடிக்கொண்டேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

என்னைக் கம்பெனியின் இன்னொரு குவாரிக்கு மாற்றி ஒரு மாதம் ஆகிறது. பாராட்டா, தண்டனையா என்று மேனேஜர் சொல்லவில்லை. இங்கேயும் ஒரு மேடு. மொட்டை. பாறையில் கல்பாசிகூட இல்லை.

தங்கை போன் செய்தாள். கொழிஞ்சி பாதி காய்ந்துபோயிற்றாம். காய்ந்த தூர்களுக்கு நடுவே வேப்பங்கன்று ஒன்று அவள் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறதாம். "யாரும் நடலக்கா. காக்கா வேலையா இருக்கும்." அப்புறம், "புது மேஸ்திரி களை புடுங்க ஆள் கூட்டிட்டு வந்தாரு. உன் போர்டுல எழுத்தெல்லாம் உதிர்ந்து கிடந்துச்சு. என் நெயில் பாலிஷ் முழுக்கத் தீர்த்து மறுபடி எழுதி நட்டுட்டேன். நம்பிப் போயிட்டாங்க" என்றாள்.

இங்கே நான் இன்னும் ஒன்றுமே நடவில்லை. சாயங்காலம் கடைக்குப் போய் சிவப்பு பெயிண்ட் மட்டும் வாங்கி வந்தேன்.