இரண்டு அலைகளைக் கூட்டியவளுக்கு

இல்லை, நீ எத்தனை தரம் சொல்லியிருந்தாலும் எனக்கு அது இன்னும் நம்பும்படியாக இல்லை. வளைந்து வளைந்து போகிற கோடுகளையே ஒன்றோடு ஒன்று கூட்டிக்கொண்டு போனால் கடைசியில் ஊசி மாதிரி முனை எப்படி வரும்? மழுங்கலோடு மழுங்கல் சேர்ந்தால் மழுங்கல்தானே? இன்று காலை உன் அண்ணன் புடவைக்குப் புது பார்டர் வரைவதற்காகக் கூடத்தில் உட்கார்ந்து பென்சில் சீவினார். அந்த மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியதும், சாமிக்கு எடுத்துவைத்த பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு மனசுக்குள் உன்னோடு சண்டைக்கு நின்றுவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திருப்பிப் பேச ஆள் இல்லாத சண்டை எனக்குச் சரிப்படாது. அதனால் எழுதுகிறேன்.

முசரவாக்கத்திலிருந்து நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ பாவாடை கட்டிய பள்ளிக்கூடப் பெண். என் படிப்பு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சரி. நீ விடவில்லை. பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தாய். அது உனக்குப் போதவில்லை. பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்க வேண்டும் என்றாய். அதற்கு எம்.எஸ்சி. வேண்டும் என்று தபால் வழியில் சேர்ந்தாய். எல்லாத் தாளும் தேறிவிட்டது, ஒன்றைத் தவிர. இயற்பியல் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு முறைகள் என்று ஒரு தாள். அது மட்டும் இரண்டு தரம் போய்விட்டது. அடுத்த தரமும் போனால் பதிவே காலாவதி, பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாய். உன் முகத்தைப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்குகிறவள் முகமாக இல்லை.

வருகிற வரனையெல்லாம் தட்டிவிட்டு, முப்பது தாண்டிய ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போடுகிறாள் என்றால் யாருக்குச் சந்தேகம் வராது? அதிலும் சனிக்கிழமை ஆனால் கட்டம் போட்ட தாள்களைச் சுருட்டி, ரப்பர் பேண்டு மாட்டி, சைக்கிளில் சின்ன காஞ்சிபுரம் போவாய். உன்னோடு வேலை பார்க்கும் வேதாவின் வீடு. அவளும் அதே தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம், ஆசாரமான மனிதர்கள், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு யார் வீடு? ஒரு பெரிய பட்டுக்கடைக்காரர் வீடு.

மற்ற ஊர்களில் கட்டத்தாள் என்றால் பள்ளிக்கூடச் சாமான். பட்டு நெய்கிற நம் பிள்ளையார்பாளையத்தில் அப்படியா? ஒரு கட்டம் ஒரு இழை. பார்டர் முதலில் அந்தத் தாளில்தான் பிறக்கிறது. அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடித்துத் தறிக்கு மேலே மாட்டினால்தான் புடவையில் இறங்கும். கட்டத்தாள் வீட்டை விட்டுப் போனால் டிசைன் போயிற்று என்று அர்த்தம்.

அந்த வருஷம் உன் அண்ணன் ஒரு புது ரேக்கு போட்டிருந்தார். பார்டரில் கோபுரம் கோபுரமாக ஓடுமே, அதுதான். எல்லோரும் ஒரே உயரத்தில் போடுவார்கள். இவர் பெரிய கோபுரம் ஒன்று, சின்னக் கோபுரம் ஒன்று, மறுபடி பெரியது என்று மாற்றி மாற்றிப் போட்டார். கல்யாண சீசனுக்கு அதைத்தான் நம்பியிருந்தோம். ஆவணி கடைசியில் ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து திரும்பியவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் நடையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரிய கடையின் கண்ணாடிக்குள் நம்முடைய ரேக்கு, வேறு நிறத்தில் தொங்குகிறதாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாம்பிராணி போட உன் அறைக்குள் வந்தேன். மேசையில் விரித்த தாள். அதில் பெரியது, சிறியது, பெரியது, சிறியது. முனை மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தது. திருடுகிற அவசரத்தில் மழுங்கியிருக்கும் என்று நினைத்தேன். தூபக்காலோடு அப்படியே போய் உன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"பாப்பா, என்னாம்மா இது?"

"கணக்குண்ணா."

"கணக்குல நம்ம ரேக்கு எப்படி வந்துது?"

"அது ரேக்கு இல்ல. ஒரு அலை, அதுக்கு ரெண்டு மடங்கு வேகமா ஓடற இன்னொரு அலை. ரெண்டையும் கூட்டினா அப்படித்தான் வரும்."

"எத்தினி நாளா கூட்டிக்கினு இருக்கற?"

"அண்ணா, கட்டத்தைப் பாரு. கோடு கட்டத்தை நடுவுல வெட்டிக்கினு போவுது. இதை வெச்சி ஒரு அட்டை அடிக்க முடியுமா?"

"அட்டை அடிக்கறவன் திருத்திக்குவான்."

 ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய், என்னைப் பார்த்தாய், மூடிக்கொண்டாய். பார், குற்றம் உள்ள நெஞ்சு என்று நான் நினைத்துக்கொண்டேன். இனிமேல் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது, சனிக்கிழமை சைக்கிள் எடுக்கக் கூடாது என்று உன் அண்ணன் தீர்த்துச் சொல்லிவிட்டார். பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. நீ அந்தத் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் செருகி, புத்தகத்தை அலமாரியில் ஏற்றிவிட்டாய்.

அப்போது நான்தான் இடையில் புகுந்தேன். "போவட்டும். ஆனா நான் பாக்காத தாளு வாசப்படி தாண்டக் கூடாது. ஒண்ணொண்ணும் என்னான்னு எனக்குச் சொல்லணும். எனக்கு ஒப்பலைன்னா வெந்நி அடுப்புல போட்டுடுவேன்" என்றேன். உன் அண்ணன் ஒத்துக்கொண்டார். அவருக்கு என் படிப்பின் மேல் நம்பிக்கை கிடையாது. என் சந்தேகத்தின் மேல் நிறைய உண்டு.

அதிலிருந்து சனிக்கிழமை மத்தியானம், தறிச் சத்தம் கொஞ்சம் ஓய்கிற நேரத்தில், நீ தாள்களோடு என் எதிரில் வந்து உட்காருவாய். நான் பூக் கட்டிக்கொண்டே விசாரிப்பேன். முதல் வாரம் எரிச்சலோடு சொன்னாய். எனக்கென்ன, நான் விடுவேனா? ஒரு தாளில் 'ஐ' என்று ஒரு எழுத்து வரிக்கு வரி வந்தது.

"இது யாரு?"

"அது கற்பனை எண் அண்ணி. அந்த மாதிரி எண் நெஜத்துல இல்ல."

"இல்லாததை வெச்சி என்னா கணக்கு?"

"வழியில மட்டும் வரும். வேலையைச் சுலபமாக்கிக் குடுத்துட்டு, கடைசி விடையில காணாம போயிடும்."

"நம்ம ரேக்கை எடுத்தவனும் அப்படித்தாம்மா காணாம போயிட்டான்" என்றேன். நீ சிரித்துவிட்டாய். அந்த வாரத்தில் நீ சிரித்தது அதுதான் முதல்.

அடுத்தது இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி. அதைச் சுண்டினால் எப்படி ஆடும் என்று கணக்கு. சைன் ஒன்று, காஸ் ஒன்று, இரண்டு ஆட்கள் வந்தார்கள். காஸ் மேல் நீளமாகக் கோடு இழுத்து, "இவனை வெளிய அனுப்பிடணும்" என்றாய். சரி என்று விட்டேன். அடுத்த சனிக்கிழமை, ஒரு கம்பிக்குள் சூடு எப்படிப் பரவும் என்று வேறு தாள். அதில் சைன் மேல் கோடு விழுந்திருந்தது. காஸ் சட்டமாக உட்கார்ந்திருந்தான்.

எனக்குச் சுருக்கென்றது. "போன வாரம் தொரத்தின ஆளு இந்த வாரம் எப்படி உள்ள வந்தான்? இருந்தவனை ஏன் தொரத்தின?"

"புக்குல அப்படித்தான் இருக்குது."

"புக்கு கெடக்குது. நீ ஏன் தொரத்தின?"

நீ தாளைத் திருப்பிப்போட்டாய். எதையோ மறைக்கிறாள், இன்றைக்கு மாட்டினாள் என்று நான் பூவையும் நாரையும் கீழே வைத்துவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. தாளின் பின்பக்கத்தில் ஒரு கம்பியை வரைந்தாய். அதன் இரண்டு முனையையும் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கருப்பாக்கினாய். பிறகு, எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், "அந்தக் கம்பியில ரெண்டு முனையும் ஆடக் கூடாது. இதுல முனையை மூடிட்டாங்க, சூடு வெளிய போவ முடியாது. முனையில என்னா நடக்குதுன்னு பாத்தாத்தான் யாரை வெச்சிக்கணும்னு தெரியும்" என்றாய். கூடவே, "ரெண்டு தரமும் நான் இதை மனப்பாடம் பண்ணிக்கினு போயிருக்கேன் அண்ணி" என்றாய்.

அந்த வாரத்துக்குப் பிறகு நீயே முந்திக்கொண்டு வந்தாய். நான் பூக் கட்டி முடிக்கும் முன்பே "அடுத்த தாளு கேளு, அடுத்த தாளு கேளு" என்று நச்சரித்தாய். விடை வந்த பிறகும் எழுந்திருக்க மாட்டாய். "வெடை வந்ததும் சந்தோசப்படக் கூடாது, சந்தேகப்படணும். பூச்சியம் போட்டுப் பாக்கணும். ரொம்பப் பெரிசாப் போட்டுப் பாக்கணும். ரெண்டுலயும் ஒழுங்கா நடந்துக்கினா அப்பறம் நம்பலாம்" என்பாய். இது எனக்குப் பிடித்த ஒரே சங்கதி. எங்கள் ஊரில் இதற்காகவே என்னைத் திட்டுவார்கள். உங்கள் படிப்பில் இதற்கு மார்க் கொடுக்கிறார்கள்.

தேறினாய். செய்தி சொல்ல வேதா நம் வீட்டுக்கே வந்தாள். அவளுக்கு உன்னைவிட மார்க் குறைவு. "உங்காத்துல ஒரு எக்ஸாமினரை வெச்சுண்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேளா?" என்று உன்னை இடித்தாள். நான் அவளுக்குக் காபி கொடுத்தேன். கொடுக்கும்போதும், எதிர்வீட்டுக்காரரை எவ்வளவு நாளாகப் பழக்கம் என்று கேட்டேன். அவர்கள் வீட்டோடு பேச்சே கிடையாது என்றாள். அதை நான் நம்பினேன் என்று நீ நினைத்திருப்பாய். நம்பவில்லை.

பிளஸ் டூ வகுப்புக்குப் போனாய். சுண்ணாம்புத் தூள் படிந்த புடவையோடு வந்து, இன்றைக்குப் பிள்ளைகள் என்னென்ன குறுக்குக் கேள்வி கேட்டார்கள் என்று சொல்லுவாய். கேட்காத வகுப்பு என்றால் முகம் வாடியிருக்கும். போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய். ரத்தத்தில் கோளாறு என்றார்கள். அந்தச் சோதனைக் காகிதங்களையும் ஒவ்வொன்றாக வாங்கி இது என்ன, அது என்ன என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. நீதான் படுக்கையிலிருந்து சொன்னாய், இந்த எண் ஏறக் கூடாது, இது இறங்கக் கூடாது என்று. ஏறியது, இறங்கியது. நான் நம்பாமல் இருந்து என்ன?

உன்னிடமிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. நீ படுக்கும் முன்பே ஐயம்பேட்டை ஜோசியர் நம் வீட்டு மருமகளுக்குக் குழந்தை தங்க ஒரு பரிகாரம் சொன்னார். நான் பக்தியில் குறைந்தவள் இல்லை. ஆனாலும், "பண்ணாம விட்டா என்னா ஆவும் சாமி? பத்து மடங்கு பண்ணா பத்துக் கொழந்த பொறக்குமா?" என்று கேட்டுவிட்டேன். பூச்சியமும் போட்டேன், பெரியதும் போட்டேன். அதிலிருந்து என்னைக் கண்டால் அவர் பஞ்சாங்கத்தை மூடிவிடுகிறார். மருமகளை டாக்டரிடம் அழைத்துப்போனேன். பேத்திக்கு இப்போது பல் முளைக்கிறது.

ரேக்கு எப்படிப் போயிற்று என்பது மட்டும் தெரியவில்லை. உன் அண்ணன் அந்தப் பேச்சை எப்போதோ விட்டுவிட்டார். அட்டை அடிக்கிறவர், சாயம் போடுகிறவர், வேதா என்று நான் ஒவ்வொருவரையும் இத்தனை வருஷம் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வருகிறது. அந்த ரேக்கில் நெய்த முதல் புடவையை, விற்ற பிறகு சாத்தலாம் என்று உன் அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்காமல், ஆடி முதல் வெள்ளியில் நான் தெரு அம்மனுக்குச் சாத்தச் சொன்னேன். சன்னதியில் நீ என் பக்கத்தில் நின்றாய். முன்வரிசையில் யாரோ ஒரு ஆள் விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான். தீபாராதனை நேரத்தில் பேசாதே என்று உன் கையைத் தட்டிவிட்டேன். அதற்கு முன்னால் நீ என் காதில் சொன்னது இது: "அண்ணி, அந்த ஆளு அம்மனைப் பாக்கல. பார்டரைப் பாக்கறான்."