நாற்பது கிராம் மழைத் தண்ணி

ஆடி 9, வியாழன். மழை விடவில்லை.

எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடை போடுகிறவன் என்று போலீஸ்காரர்கள் இன்று என்னையும் தராசையும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கூட்டிப்போனார்கள். அவர்கள் தராசு மழையில் பழுதாகி நின்றுவிட்டதாம். சாட்சிக் கையெழுத்தும் நானே போட வேண்டுமாம்.

கொழுந்து பறிக்கும் செல்வியின் ஊட்டுக் கூரையிடுக்கில் ஒரு பை கஞ்சா கிடைத்திருந்தது. கூரை ஒழுகி எல்லாம் நனைந்திருந்தது. பையை நீக்கிவிட்டு எடை போட்டேன். ஒரு கிலோ நாற்பது கிராம்.

"ஏனுங்க, நனைஞ்சு கெடக்குதுங்க. ஈரத்துக்குக் கழிச்சுப் போடுங்க" என்றாள் செல்வி. நனைந்த கொழுந்துக்கு நான் எடையில் கழிப்பது வழக்கம். அதற்காகத் தினமும் என்னோடு சண்டை போடுகிறவள் அவள்.

இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். "அதெல்லாம் தேயிலைக்குங்க. தராசு காட்டினதை எழுதுங்க" என்றார். ஒரு கிலோ வரைக்கும் சிறிய அளவாம், மிஞ்சிப் போனால் ஒரு வருஷம் ஜெயில். அதைத் தாண்டினால் பத்து வருஷம் வரைக்கும் போடலாமாம். விற்றாளா, புருஷன் ஒளித்து வைத்ததா என்பதைக் கோர்ட்டில் பேசிக்கொள்ளட்டும் என்றார். அவர் மேல் கோபமில்லை. ஒரு கிலோ என்கிற கோடு அவர் போட்டதா என்ன?

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பது கிராம் வெறும் தண்ணிதான். இத்தனை வருஷம் எடை போட்ட கைக்கு அது தெரியாதா?

வெயில் காலத்தில்கூட அவள் மூட்டையில் ஈரத்துக்குக் கழித்திருக்கிறேன். இன்றைக்கு ஒருநாள்தான் கழிக்கவில்லை.